கார் ரேஸ் போட்டா மட்டும் நிக்குது

ஜனவரி 30, செவ்வாய்

கோர்ட்டு கவுன்சலர் மேடம் எழுதச் சொல்லியிருக்காங்க. கோபம் வர்றப்பல்லாம் எழுதணுமாம். எனக்கெல்லாம் கோபமே வர்றதில்லீங்க மேடம்னேன். அப்ப வராத அன்னைக்கும் எழுதுங்கன்னுட்டாங்க. காயில் கம்பி விக்கறவன் பொங்கலுக்குக் குடுத்த டைரி சும்மா கெடந்துச்சு. வக்கீல் சாமிநாதனும் நல்லதுதான்னார். பாப்பா வந்த நாள், போன நாள், என்ன வாங்கிக் குடுத்தேன்னு எழுதி வெச்சா கேஸுக்கு ஒதவுமாம். ஆக, இது கேஸுக்காக எழுதறது. கோபத்துக்காக இல்ல.

மொதல்ல வெவரம். நான் தாமோதரன். கணபதி ஏரியாவுல மோட்டார் காயில் கட்ற பட்டறை வெச்சிருக்கேன். சம்சாரம் கோகிலவாணி போன ஆகஸ்ட்ல பொண்ணைக் கூட்டிட்டு சூலூருக்கு, அவங்கப்பன் வீட்டுக்குப் போயிட்டா. டைவர்ஸ் கேட்டுக் கேஸ் போட்டிருக்கா. பொண்ணு சம்யுக்தா. ஒம்பது வயசு. மாசத்துல ரெண்டாவது சனியும் நாலாவது சனியும் பகல்ல மட்டும் எங்கூட இருக்கலாம்னு ஜட்ஜம்மா உத்தரவு. சிங்காநல்லூர்ல ஒரு பேக்கரி வாசல்ல மச்சினன் ரமணன் கொண்டாந்து விடுவான், சாயங்காலம் அங்கயே வந்து கூட்டிட்டுப் போவான். வீட்டுக்குள்ள வரமாட்டானாம். என்னமோ நான் கடிச்சு வெச்சுருவேன்ங்கற மாதிரி.

ஏப்ரல்ல ஜட்ஜம்மா பாப்பாவைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவ சரின்னு சொன்னா மே மாச லீவு பூரா எங்கூட. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

போன சனிக்கிழமை வந்தா. வாசக்கதவுக்குப் பக்கத்துல இருக்கற சேர்ல உக்காந்தவதான், சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்தா. பிரியாணி வாங்கியாந்தேன், பாதி வெச்சுட்டா. மாமா எப்ப வருவாங்கப்பான்னு நாலஞ்சு தடவை கேட்டுப்போட்டா. பெத்த அப்பன் வீட்டுல ஒறம்பரை மாதிரி, வந்து போற விருந்தாளி மாதிரி.

பிப்ரவரி 3, சனி

கொழந்தைக இந்தக் காலத்துல வீடியோ கேம்னா உசுரை விடுதுகன்னு பட்டறையில பேசிக்கிட்டாங்க. டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துல கேம் கடை இருக்குதுன்னு கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரன் அனீஸ், சின்ன வயசுப் பையன், மரியாதையாத்தான் பேசறான். என்ன வயசுப் பாப்பாங்ணா, என்ன புடிக்கும்னு கேட்டான். நல்லா ஓடற கேமா எடுப்பான்னேன். இல்லீங்ணா, பாப்பாவுக்கு என்ன புடிக்கும்னு மறுபடியும் கேட்டான். என் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? டிவியில மாட்டற கேம் பெட்டி ஒண்ணு, அதுல போட கார் ரேஸ் ஒண்ணு, குத்துச்சண்டை ஒண்ணு எடுத்தேன். குத்துச்சண்டை அட்டையில பதினெட்டு வயசுன்னு போட்டிருக்குதுங்ணா, வேண்டாமுங்கன்னு திரும்ப வாங்கி வெச்சுட்டான். சரி தொலையுதுன்னு விட்டேன்.

ரெண்டு பேரும் சேந்து ஆடறதுக்கு, கையில புடிச்சு ஓட்டற கன்ட்ரோலர் ரெண்டு வாங்கியிருக்கேன். பெட்டியோடயே சின்ன ஆட்டம் ரெண்டு மூணு எனாமா இருக்குதாம். எந்தப் பட்டன் எதுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சான். இருபது வருசமா கரண்ட்லயே பொழைக்கறவன்கிட்ட பட்டன் பாடம் நடத்தாதேன்னுட்டு பெட்டியை வாங்கிட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி 10, சனி

இன்னைக்கு வாசப்பக்கத்துச் சேர்ல உக்காரல. பெட்டியைப் பாத்ததும் கண்ணு அப்படி விரிஞ்சுது. எனக்குங்களான்னு கேட்டா. வேற யாருக்கு சாமின்னேன். டிவிக்கு முன்னாடி ரெண்டு பேரும் சம்மணம் போட்டு உக்காந்தோம். சின்னச் சின்ன விரல் அவளுக்கு, என்னமா ஓட்டறா. அவங்கம்மா ஸ்கூட்டி ஓட்டற லட்சணத்தைப் பாத்தா, இவ என்னைக் கொண்டுதான் பொறந்திருக்கா.

நாலு ரேஸ் அவ ஜெயிச்சா. அஞ்சாவதுல நான் முன்னாடி போயிட்டிருந்தேன். கடைசி வளைவுல வண்டி என் பேச்சைக் கேக்காம சொவத்துல போயி முட்டிருச்சு. கன்ட்ரோலர் கையில இருந்து வழுக்கி டைல்ஸ்ல விழுந்து ஓரம் விரிசல் விட்டுருச்சு. சைனா சரக்கு அப்படித்தான் இருக்கும். வயித்து வலின்னு பாத்ரூம் போன பாப்பா ரொம்ப நேரம் வரல. காலையில பேக்கரியில எதாச்சும் திண்ணிருப்பா.

பிப்ரவரி 11, ஞாயிறு

கன்ட்ரோலரைப் பசை போட்டு ஒட்டியாச்சு. நல்லாத்தான் இருக்குது.

பிப்ரவரி 24, சனி

பெட்டியில கோளாறு. ரேஸ் போயிட்டிருக்கு, கடைசி ரவுண்டு, நான் கொஞ்சம் பின்னாடி. டிவி திடீர்னு இருட்டாயிருச்சு. பெட்டியும் அணைஞ்சு கெடக்குது. போயிருச்சுங்கப்பான்னு பாப்பா சொன்னா. வாங்கி ஒரு மாசம் ஆகல!

ஆனா ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வந்து ரொம்பக் காலமாச்சு. பெட்டியைத் திருப்பிப் போட்டு, பிளக்கைக் கழட்டி, டெஸ்டர் வெச்சு நான் பாக்கப் பாக்க, பாப்பா டார்ச்சைப் புடிச்சுட்டு எம்மேல சாஞ்சுட்டு நின்னா. அந்தப் பக்கம் காட்டட்டுங்களா, இந்த ஸ்க்ரூ வேணுங்களான்னு கேட்டுக் கேட்டுக் குடுத்தா. அவ தலைமுடி என் தாடையில ஒரசிட்டு இருந்துச்சு. பொட்டி நாசமாப் போகட்டும், இப்படியே இருந்தாப் போதும்னு தோணுச்சு.

எல்லாரும் இங்க இருந்தப்ப வீட்டுல அடிக்கடி கரண்ட் ட்ரிப் ஆகும். ஷாக் அடிக்கறதுக்குள்ள லைனை வெட்டி விடற ட்ரிப்பர் படிக்கட்டுக்குக் கீழ மாட்டியிருக்கேன், அது விழுந்துரும். அப்பவும் டார்ச் எடுத்துட்டு மொத ஆளா வர்றது இவதான். நான் ரூம் ரூமாப் பாத்து, மொட்டை மாடி வரைக்கும் போயி வர்றதுக்குள்ள எல்லாம் தூங்கிருவாங்க. கோளாறை மட்டும் கண்டே புடிக்க முடியல. ரெண்டு தடவை ட்ரிப்பரையே மாத்தினேன். ஆகஸ்ட்டுக்கு அப்பறம் ஒரு தடவை கூட விழல. மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ்னு கோகிலா எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டுருவா, அதனாலதான் இருந்திருக்கும். இப்ப லோடு கம்மி.

பாப்பாவோட முயல் படம் போட்ட ஸ்டூல் இன்னும் படிக்கட்டுக்குக் கீழயே கெடக்குது. எடுத்துட்டுப் போறியா சாமின்னு கேட்டேன். அங்கயே இருக்கட்டுங்கன்னா. திரும்பி வர்ற நெனப்பு இருக்கறதாலதான் அப்படிச் சொல்றா. வக்கீல்கிட்ட இதைச் சொல்லணும்.

பிப்ரவரி 28, புதன்

திங்கக்கெழமையே அனீஸ் கடையில பெட்டியைக் குடுத்திருந்தேன். ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தானாம், ஒண்ணும் இல்லீங்ணான்னான். அப்ப நான் பொய் சொல்றனான்னு கேட்டேன். அப்படிச் சொல்லலீங்ணா, உங்க வீட்டு வோல்டேஜைப் பாருங்கன்னான். என் வீட்டு வோல்டேஜையா? எங்கிட்டயா? பட்டறையில இருந்து ஸ்டெபிலைசர் எடுத்துட்டு வந்து மாட்டியிருக்கேன். இனி நிக்கட்டும் பாக்கலாம்.

மார்ச் 9, சனி

நின்னுச்சு. மூணு தடவை. ஸ்டெபிலைசர்ல முள்ளு அசையாம நிக்குது, பெட்டி மட்டும் அணைஞ்சுருது. மூணாவது தடவை பெட்டியைத் தூக்கிட்டு, பாப்பாவைக் கையோட கூட்டிட்டு நேரா கடைக்கே போயிட்டேன். இந்தா, எம்பொண்ணையே கேளுன்னேன். அனீஸ் குனிஞ்சு, எப்படிம்மா நிக்குதுன்னு கேட்டான். கார் ரேஸ் போட்டா மட்டும் நிக்குதுங்கண்ணான்னு சொன்னா. சொல்லிட்டுத் தரையைப் பாத்துட்டு நின்னா. அவன் ஏதோ ஆட்டம்மேல ஆட்டமா மாத்திப் போட்டுக் காட்டினான், கடையில நல்லாத்தான் ஓடுது. எனக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன்னு நெனைக்கறேன், பக்கத்துச் செல்போன் கடைக்காரன் எட்டிப் பாத்தான்.

அந்த நேரம் பாத்து பாப்பா என் கையைப் புடிச்சு இழுத்தா. அப்பா, எனக்கு இந்த கேம் வேணுங்கப்பான்னா. வீடு கட்ற கேமாம். இத்தனை நாள்ல அவளா வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டது இதுதான். ஒடனே வாங்கிக் குடுத்தேன். அனீஸ் அவகிட்ட கன்ட்ரோலரைக் காட்டி என்னமோ பேசிட்டிருந்தான். எனக்குத் தெரியுமுங்கண்ணான்னு மெதுவாச் சொன்னா.

மார்ச் 12, செவ்வாய்

வக்கீல் ஆபீஸ். கோகிலா குடுத்த மனுவை மறுபடியும் படிச்சுக் காட்டினார். எடது காதுல சவ்வு கிழிஞ்சு, ஆஸ்பத்திரியில காட்டினதுக்கு சீட்டு வெச்சிருக்காளாம். போன ஜூலை. பாப்பா ஸ்கூல்ல மைசூர் டூர் போயிருந்தப்ப. கை பட்டிருச்சுங்க, அவ்வளவுதான்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, ஜட்ஜம்மா கேட்டா இந்த 'அவ்வளவுதான்' வேண்டாம்னார்.

அவளுக்கு அதுக்கு முந்தியே காது மந்தம். ஒண்ணைச் சொன்னா என்னங்க, என்னங்கன்னு திருப்பித் திருப்பிக் கேப்பா. வேணும்னே பண்றாளோன்னு நெனைப்பேன்.

கோபம் வரல. எழுதச் சொன்னதால எழுதறேன்.

மார்ச் 23, சனி

காலையில இருந்து வீடு கட்ற கேம்தான். பாப்பா ஆட, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு, பெட்டி ஒரு தடவை கூட நிக்கல. அழகா ஒரு வீடு கட்டியிருக்கா. ஆத்தோரம் மரம், கோழி எல்லாம் வெச்சிருக்கா. ரெண்டு ரூம்பு. ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு அவளுக்காம். கதவுக்குப் பின்னாடி இன்னொரு கதவு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. எதுக்கு சாமி இத்தனை கதவுன்னேன். சும்மாங்கப்பான்னா. இந்த வயசுல இவ்வளவு பாதுகாப்பு யோசிக்கறா, கெட்டிக்காரி. அப்பாவுக்கு ரூம்பு எங்கன்னு வெளையாட்டுக்குக் கேட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத் தனியா ஒரு பட்டறை கட்டித் தர்றனுங்கன்னா. நல்ல பெரிசாவே கட்டினா. வௌக்கெல்லாம் போட்டுக் குடுத்தா. பாலம் வெக்க மறந்துட்டா.

எனக்குப் பழசு ஞாபகம் வந்துச்சு. அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும். இடுப்புல தூக்கி வெச்சுட்டு ட்ரிப்பரைக் காட்டினேன். இதோ 'டி' போட்ட பட்டன் இருக்குது பாரு, டெஸ்ட் பட்டன், இதை அமுக்கினா நெசமாவே ஆபத்து வந்த மாதிரி லைனை வெட்டிரும், உசுரைக் காப்பாத்தற பட்டன்னு சொல்லி அமுக்க விட்டேன். டப்புன்னு ஃபேன் நின்னதும் கைதட்டிச் சிரிச்சா. அப்பவே இதுல ஒரு ஆர்வம். எம்புள்ளைதானே.

சாப்பிட்டதுக்கு அப்பறம் கார் ரேஸ் போடலாம்னேன். வேண்டாங்கப்பான்னா. ஒண்ணே ஒண்ணுன்னேன். கடைசி ரவுண்டுல அதே கதை. பெட்டி அணைஞ்சுருச்சு.

இப்பப் புரிஞ்சு போச்சு. வீடு கட்ற கேமுல லோடு கம்மி. கார் ரேஸ்ல படம் வேகமா ஓடறதால உள்ள சூடு ஏறி, கடைசி ரவுண்டு வர்றப்ப நிக்குது. மோட்டார்லயும் இப்படித்தான், சும்மா ஓட விட்டா ஓடும், லோடு குடுத்தாத்தான் குட்டு வெளிய வரும்.

மார்ச் 25, திங்கள்

பெட்டியைப் பிரிச்சுட்டேன். ஸ்க்ரூ மேல ஒட்டியிருந்த சீல் கிழிஞ்சுது. உள்ள தூசி கூட இல்ல. சூடு பட்ட தடயமே காணோம். ஆனாலும் பின்னாடி ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன் மாட்டி விட்டேன்.

நானே தனியா ஒக்காந்து கார் ரேஸ் ஓட்டிப் பாத்தேன். சாயங்காலம் பட்டறையைப் பூட்டினதுல இருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும். ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. பெட்டி நிக்கவே இல்ல. அப்ப ஃபேன் போட்டதுதான் மருந்து.

ஆனா மனசுக்குள்ள ஒரு சந்தேகம் நோண்டிட்டே இருக்குது. பாப்பா வர்ற நாள்ல வேற மாதிரி நடந்துக்கற கோளாறா இருக்குமோ? எனக்குத் தெரிஞ்ச மோட்டார் எதுவும் ஆள் பாத்து நிக்காது.

மார்ச் 27, புதன்

கேஸுக்கு இது தேவையில்ல, இருந்தாலும் எழுதறேன். பாப்பா வந்து ஆடறப்ப மறுபடியும் நின்னா என்ன பண்றதுன்னு, புதுசாவே மாத்திக் குடுன்னு அனீஸ்கிட்டப் போனேன். சீல் கிழிஞ்சிருக்கு, ஓட்டை வேற போட்டிருக்கீங்க, கம்பெனியில வாங்கமாட்டாங்கங்ணான்னு சொன்னான். எம்பொண்ணு வர்ற நாளே மாசத்துக்கு ரெண்டுதான்டா, அந்த ரெண்டையும் நீ கெடுத்துட்டேன்னு சொன்னேன். கை ஷோகேஸ் மேல இருந்துச்சு. கண்ணாடி குறுக்க விரிஞ்சுருச்சு. முன்னாடியே கீறல் இருந்திருக்கும்.

அத்தான்னு அவன் கூப்பிடற அவங்கப்பா உள்ள இருந்து வந்து, தம்பி விடுப்பா, வீட்டுல என்ன கஷ்டமோன்னு சொல்லி கடையில ஓடிட்டிருந்த பெட்டியையே கழட்டிக் குடுத்தார். இது எப்பவும் நின்னதில்லீங்கன்னார். அனீஸ் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான். நான் ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டு வந்துட்டேன்.

உள்ளங்கையில சின்னதா வெட்டு. தையல் போடற அளவுக்கு இல்ல.

ஏப்ரல் 13, சனி

எல்லாத்தையும் இருக்கறபடி எழுதறேன்.

அனீஸோட அப்பா குடுத்த பெட்டிதான் போட்டோம். கார் ரேஸ். பாப்பா வேண்டாம்னுதான் சொன்னா, அனீஸ் கடையில ஓடின பெட்டி சாமி, இது நிக்கவே நிக்காதுன்னு நாந்தான் போட்டேன். இந்தத் தடவை ஒரு முடிவோட உக்காந்திருந்தேன். கடைசி ரவுண்டு வந்தா டிவியைப் பாக்கக் கூடாது, பெட்டியோட லைட்டைத்தான் பாக்கணும். நிக்கறதுக்கு முன்னாடி லைட்டு மங்குதான்னு தெரிஞ்சுட்டா கோளாறு எங்கன்னு சொல்லிடலாம்.

கடைசி ரவுண்டு. என் வண்டி எங்கயோ மோதற சத்தம் கேட்டுச்சு. கெரகம் புடிச்ச வண்டின்னு கத்தினேன். பெட்டியோட லைட்டு மங்கல. மூணு தடவை கண்ணைச் சிமிட்டிட்டு, பொறுமையா அணைஞ்சுது. கரண்ட் போயி நிக்கற பொருள் பொட்டுன்னு நிக்கும். இது யாரோ சொல்லி நின்னுச்சு.

திரும்பிப் பாத்தேன். பாப்பாவோட கட்டைவிரல் கன்ட்ரோலர் நடுவுல இருக்கற பட்டனை அமுக்கிப் புடிச்சிருந்துச்சு. நகம் வெளுத்துப் போற அளவுக்கு. அவ டிவியைப் பாக்கல. பெட்டியையும் பாக்கல. என் கையைப் பாத்துட்டிருந்தா.

அப்பறம் நிமிந்து, போயிருச்சுங்கப்பா, டார்ச் எடுத்துட்டு வரட்டுங்களான்னு கேட்டா. ஒரு துளி நடுக்கமில்ல அந்தக் குரல்ல. எத்தனை தடவை சொல்லியிருந்தா அப்படி வரும்.

எனக்கு அந்தக் கண்ணாடி ஷோகேஸும் அனீஸ் மன்னிப்புக் கேட்டதும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஊரு முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டாளேன்னு எந்திரிச்சேன். கத்தினேன். என்ன கத்தினேன்னு இங்க எழுத முடியாது. அவங்கம்மாவைப் பத்தியும் சொன்னேன். கன்ட்ரோலர் என் கையில இருந்துச்சு.

அவ வாசலுக்கு ஓடுவான்னு நெனைச்சேன். ஓடல. உள்பக்கமா ஓடினா. அடுத்த நிமிசம் ஃபேன் நின்னுச்சு. டிவி லைட்டு, ஃப்ரிட்ஜ் சத்தம், எல்லாம் போச்சு.

நான் வாயை மூடிட்டேன். கால் தன்னால படிக்கட்டுப் பக்கம் நடந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல. வீட்டுல கரண்ட் போச்சுன்னா என் கால் அங்கதான் போகும், வாயில இருக்கற வார்த்தையைப் பாதியில போட்டுட்டு. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

முயல் ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டிருந்தா. விரல் இன்னும் அந்த 'டி' பட்டன் மேல. இப்ப ஸ்டூல் இல்லாமயே எட்டும். பழக்கத்துல ஏறியிருக்கா.

"ட்ரிப் ஆயிருச்சுங்கப்பா. வந்து பாருங்க" அப்படின்னா. அஞ்சு வயசுல பேசற அதே குரல்.

அப்பல்லாம் நீதானா சாமின்னு கேட்டேன். எனக்கே கேக்காத மாதிரி ஒரு சத்தத்துல. தலையாட்டினா.

"நீங்கதானுங்கப்பா சொன்னீங்க. ஆபத்து வந்தா இதை அமுக்கினா காப்பாத்துமுன்னு."

அம்மா சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டேன். இல்லைன்னா. அம்மாவுக்குத் தெரியவே தெரியாதாம். அப்பறம் ஸ்டூல்ல இருந்து எறங்காம, மேலயே நின்னுட்டு சொன்னா.

"டூர் போன அன்னைக்கு மட்டும் நான் இல்லீங்க. போகாம இருந்திருக்கணுமுங்க."

அப்பத்தான் அழுதா. நான் கிட்டப் போகல. கிட்டப் போனா என்ன நெனைப்பாளோன்னு நகராம நின்னேன். கன்ட்ரோலர் கையில இருக்கறதே அப்பறந்தான் தெரிஞ்சுது. தரையில வெச்சேன். மெதுவா, அவ பாக்கற மாதிரி வெச்சேன்.

ரமணனுக்கு நானே போன் பண்ணி சீக்கிரமா வரச் சொன்னேன். பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டியில பின்னாடி உக்காந்து என் சட்டையைப் புடிச்சுக்காம, சீட்டுக்கம்பியைப் புடிச்சுட்டு வந்தா.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பொறப்பு. பட்டறை லீவு. ட்ரிப்பர்ல கோளாறு எப்பவுமே இருந்ததில்ல.

ஏப்ரல் 17, புதன்

கவுன்சலர் மேடம் டைரியைக் கொண்டாங்கன்னாங்க. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். கோபம் வந்துச்சான்னு கேட்டாங்க. வருதுங்கன்னேன்.

ஏப்ரல் 24, புதன்

கோர்ட்டு.

ஜட்ஜம்மா பாப்பாவை உள்ள கூப்பிட்டுத் தனியாப் பேசினாங்க. நாங்க வெளிய பெஞ்சுல. கோகிலா இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. ஒரு தடவை கிளார்க் அவ பேரைக் கூப்பிட்டான், எடது பக்கம் இருந்து. அவ திரும்பல. ரமணன் தோளைத் தொட்டுச் சொன்னப்பறந்தான் எந்திரிச்சா. நான் அதைப் பாத்துட்டு இருந்தேன்.

அப்பறம் எல்லாரையும் உள்ள கூப்பிட்டாங்க. ஜட்ஜம்மா சிரிச்ச மொகமாத்தான் இருந்தாங்க. பாப்பா உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லலன்னாங்க. லீவுக்கு அப்பா வீட்டுக்குப் போறியான்னு கேட்டதுக்கு, அப்பா வீட்டு கேம் பெட்டி ரிப்பேருங்க, சரியானதும் போறேன்னு சொன்னாளாம். "ஏங்க, ஒரு கேம் பெட்டிதானே? சரி பண்ணிட்டீங்களா?" ன்னு என்னைக் கேட்டாங்க.

வக்கீல் என் முழங்கையை இடிச்சார். பண்ணிட்டோம்னு சொல்லுங்கன்னு காதோரமா முணுமுணுத்தார். அது ஒரு வார்த்தைதான். சொன்னா மே மாசம் பூரா அவ எங்கூட. காலையில எழுப்பி விடலாம், தோசை ஊத்திக் குடுக்கலாம். அதுக்காகத்தானே இத்தனையும்.

பாப்பா அவங்கம்மா பக்கத்துல நின்னுட்டு என் கையைப் பாத்துட்டிருந்தா.

"இல்லீங்க மேடம். சரியாகலீங்க. எப்ப ஆகும்னு தெரியல" ன்னேன்.

வேற பெட்டி வாங்கிரலாமேன்னாங்க. பெட்டியில இல்லீங்க கோளாறுன்னு சொன்னேன். ஜட்ஜம்மா சிரிப்பை நிறுத்திட்டாங்க. சனிக்கிழமையும் வீட்டுக்கு வேண்டாங்க, பேக்கரியிலயே வெச்சுப் பாத்துக்கறேன், ரமணன் கூட இருக்கட்டும்னு நானே சொன்னேன். வக்கீல் ஃபைலைப் படக்குன்னு மூடினார்.

நான் என்ன சொன்னேன்னு கோகிலாவுக்குக் கேக்கல போல. வலது காதைத் திருப்பி ரமணனைக் கேட்டா. அவன் சொன்னான். அவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி எழுதவும் மாட்டேன்.

ஏப்ரல் 27, சனி

பேக்கரி. ரமணன் அடுத்த டேபிள்ல பேப்பர் படிச்சான். பாப்பா தேங்கா பன் முழுசாத் திண்ணா. வீடு கட்ற கேம் பெட்டியோட அவகிட்டயே இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போயிருந்தேன். வாங்கி மடியில வெச்சுட்டா. கார் ரேஸை மட்டும் எடுத்துத் திருப்பிக் குடுத்தா. அனீஸ் பெட்டியாச்சே, அவங்களுக்குத் திருப்பித் தர வேண்டாமுங்களான்னு கேட்டா. பேசிட்டேன் சாமி, கண்ணாடிக்கும் சேத்துப் பணம் தர்றதா ஒத்துக்கிட்டேன்னேன்.

கெளம்பறப்ப, சரியாயிருச்சுங்களாப்பான்னு மெதுவாக் கேட்டா. இன்னும் இல்ல சாமி, பாத்துட்டிருக்கேன்னேன். சரிங்கன்னுட்டுப் போயி ரமணன் வண்டியில ஏறிட்டா.

வீட்டுக்கு வந்தேன். ஓட்டை போட்ட பழைய பெட்டி சும்மா கெடந்துச்சு. கார் ரேஸைப் போட்டு ஓட்டினேன். கடைசி ரவுண்டுல சொவத்துல முட்டினேன். ரமணன் பேப்பருக்கு மேல என்னைப் பாத்த பார்வை, வக்கீல் ஃபைலை மூடின சத்தம், எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துச்சு. எந்திரிச்சுட்டேன். ஒட்டு போட்ட கன்ட்ரோலர் தலைக்கு மேல போயிருச்சு. அப்படியே நின்னேன். ஃபேன் ஓடிட்டே இருந்துச்சு. டிவியில வண்டி சொவத்தை முட்டிட்டே இருந்துச்சு. கரண்ட் போகுமா போகுமான்னு என் காது காத்துட்டிருந்துச்சு. போகல. போக வெக்கறதுக்கு ஆள் இல்ல.

படிக்கட்டுக்குக் கீழ போயி 'டி' பட்டனை நானே அமுக்கினேன். டப்புன்னு எல்லாம் நின்னுச்சு. கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டு அந்த முயல் ஸ்டூல் மேல உக்காந்தேன். வெளிய இன்னும் வெளிச்சம் இருக்குது, அதுலதான் இதை எழுதறேன். கோபம் எறங்கினதும் எந்திரிச்சு ட்ரிப்பரைத் தூக்கி விடணும்.